‘அப்’ என்றால் மேலே மட்டும்தானா?



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் ஓடுகிறவர்கள் ஓடலாம். இப்போது வருகைப் பதிவேடு என் கையில் இல்லை.

ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் ஒரு சொல். தமிழில் எழுதினாலும் இரண்டே எழுத்துதான். ‘அப்’. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடும்: மேலே. கையை மேலே தூக்கினால் ‘அப்’, கீழே இறக்கினால் ‘டவுன்’. பாட்டுப் போலச் சொல்லிக்கொடுத்துவிடலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் காதில் விழும் முதல் ஆங்கிலக் கட்டளையே ‘ஸ்டாண்ட் அப்’தான். இரண்டாவது கட்டளை ‘ஷட் அப்’. அதில்தான் சிக்கல் ஆரம்பம். ‘ஸ்டாண்ட் அப்’ என்றால் மேலே எழுந்து நிற்கிறோம், சரி. ‘ஷட் அப்’ என்றால் வாயை மூடுகிறோமே, அதில் மேலே எது போகிறது?

இந்தக் கேள்வியை வகுப்பில் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. இந்த இரண்டெழுத்துச் சொல் போகிற இடத்துக்கெல்லாம் வேறு வேறு வேலை செய்கிறது. சிலவற்றைப் பாருங்கள்.

‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் மேலே கொடு என்று அர்த்தமில்லை, கைவிடு. ‘லுக்’ என்றால் பார். ‘லுக் அப்’ என்றால் மேலே பார் என்றும் பொருள், அகராதியில் தேடு என்றும் பொருள். ‘டர்ன் அப்’ என்றால் வந்து சேர். ‘கிரோ அப்’ என்றால் வளர்ந்து ஆளாகு. ‘இட்ஸ் அப் டு யூ’ என்றால் உன் விருப்பம். ‘டைம் இஸ் அப்’ என்றால் நேரம் முடிந்தது. ‘ஸம்திங் இஸ் அப்’ என்றால் ஏதோ சரியில்லை.

‘மேக் அப்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு பாடவேளை போய்விடும். முகத்துக்குப் பூசுவது மேக்கப். இல்லாத கதையைக் கட்டிச் சொல்வதும் மேக் அப். சண்டை போட்ட இருவர் சமாதானம் ஆவதும் மேக் அப். விட்டுப்போன வேலையை ஈடுகட்டுவதும் மேக் அப். பல உறுப்புகள் சேர்ந்து ஒரு முழுமையை உண்டாக்குவதும் மேக் அப். மனதைத் திடப்படுத்தி முடிவெடுப்பதற்கும் அதே சொல்தான், கூட ‘மைண்ட்’ சேரும்.

‘பிரிங் அப்’ இன்னும் வேடிக்கை. பிள்ளையை வளர்ப்பது பிரிங் அப். பேச்சின் நடுவே ஒரு விஷயத்தை எடுப்பது பிரிங் அப். சாப்பிட்டதை வாந்தி எடுப்பதும் பிரிங் அப்!

சொல்லை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் அர்த்தமே மாறிவிடும். ‘செட் அப்’ என்றால் ஒன்றை ஏற்படுத்துவது. ‘அப்செட்’ என்றால் மனம் கலங்குவது. ‘ஹோல்ட் அப்’ என்றால் தாமதமாக்குவது, வழிப்பறிக்கும் அதே பெயர். ‘அப்ஹோல்ட்’ என்றால் தீர்ப்பை உறுதி செய்வது. ‘ஸ்லோ அப்’, ‘ஸ்லோ டவுன்’ இரண்டுமே வேகத்தைக் குறை என்றுதான் சொல்கின்றன. எரிந்து சாம்பலாவதை ‘பர்ன் அப்’ என்றும் சொல்லலாம், ‘பர்ன் டவுன்’ என்றும் சொல்லலாம். மேலும் கீழும் ஒன்றாகிவிடுகிற மாயம் இது.

இங்கிலாந்து ரயில்வேயில் லண்டனை நோக்கிப் போகிற தடம் ‘அப்’. வண்டி வடக்கிலிருந்து வந்தாலும் தெற்கிலிருந்து வந்தாலும், மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும், தலைநகரை நோக்கிப் போனால் அப்தான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போவதை ‘கோயிங் அப்’ என்பார்கள். ஒழுங்கீனத்துக்காக ஒரு மாணவனை வெளியேற்றினால் ‘சென்ட் டவுன்’. இந்த இடங்களில் மேலே, கீழே எல்லாம் மரியாதையின் திசைகள்.

இது ஏதோ வெள்ளைக்காரர் வீட்டுச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். இந்தச் சொல்லை நாமும் வாயில் போட்டு மென்று நம்முடையதாகவே ஆக்கிவிட்டோம். ‘ஓவரா பில்டப் குடுக்காதே’ என்கிறோம். ஆங்கிலத்தில் பில்டப் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது. நம் ஊரில் அது பெருமை பீற்றிக்கொள்வதாகிவிட்டது. கதாநாயகனின் புது வேஷம் ‘கெட்டப்’. வண்டி உடனே வேகம் எடுக்கவில்லை என்றால் ‘பிக்கப் இல்லை’. உடம்புக்கு ‘செக்கப்’, போனுக்கு ‘டாப் அப்’. ‘செட்டப்’ என்றால் ஏற்பாடு, ஏமாற்று என்று இரண்டு அர்த்தம். மூன்றாவது ஒன்றும் உண்டு, அதை டீச்சர் எழுத மாட்டேன், தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சினிமா ஷூட்டிங் முடிந்தால் ‘பேக்கப்’, போனில் உள்ள படங்களைப் பத்திரமாக நகல் எடுத்து வைத்தாலும் ‘பேக்கப்’. ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழ் எழுத்துக்குள் வந்ததும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே முகமாகிவிட்டன.

காலை எழுந்ததும் எனக்கு நீங்கள் பூங்கொத்துப் படம் அனுப்புகிற வாட்ஸ்அப் இருக்கிறதே, அதன் பெயரே இந்தச் சொல்லை வைத்துச் செய்த சிலேடை. ‘என்ன சேதி’ என்று நலம் விசாரிக்கும் ‘வாட்ஸ் அப்’பும், செயலியைக் குறிக்கும் ‘ஆப்’பும் சேர்ந்த பெயர் அது. 2009-இல் அந்தப் பெயரோடு வந்தது. நாம் தினமும் ‘என்ன சேதி’ என்று சொல்லித்தான் அதைத் திறக்கிறோம்.

சரி, டீச்சருக்கு ஏன் திடீரென்று இந்தச் சொல்மேல் இத்தனை அக்கறை என்று கேட்பீர்கள். காரணம் உங்களில் ஒருத்தி.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பெண். பெயர் வேண்டாம். தமிழ் வழியிலேயே படித்து, நர்சிங் முடித்து, ஆங்கிலத் தேர்வும் எழுதித் தேறி, இப்போது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினாள். பேச்சில் பாதி இந்த இரண்டெழுத்தைப் பற்றித்தான்.

“டீச்சர், நான் படிச்ச இங்கிலீஷ் ஒண்ணு, இங்க பேஷன்ட் பேசுற இங்கிலீஷ் ஒண்ணு. வாமிட்டிங்னு வயசானவங்க யாரும் சொல்லவே மாட்டேங்கிறாங்க. ‘த்ரோ அப்’புங்கிறாங்க, ‘பிரிங் அப்’புங்கிறாங்க. சளியை இருமித் துப்பினா ‘காஃப் அப்’. மூக்கடைச்சா ‘பிளாக்ட் அப்’. ராத்திரி தூங்கலைன்னா ‘ஐ வாஸ் அப் ஆல் நைட்’. அடங்கியிருந்த நோய் திரும்பக் கிளம்பினா ‘ஃபிளேர் அப்’. ஒருத்தர் தேறி நடமாட ஆரம்பிச்சா ‘அப் அண்ட் அபவுட்’. பெரிய பெரிய மருத்துவச் சொல்லெல்லாம் எனக்குத் தெரியும் டீச்சர். இந்தக் குட்டிச் சொல்லுதான் என்னை அழ வைக்குது.”

அப்புறம் ஒரு இரவுப் பணியில் நடந்ததைச் சொன்னாள். அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர். வலி எப்படி இருக்கிறது என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் மெதுவாக, ‘இட் ஹாஸ்ன்ட் லெட் அப்’ என்றிருக்கிறார். இவள் காதில் ‘இல்லை’ விழுந்தது, ‘அப்’ விழுந்தது. வலி ஏறவில்லை என்கிறார் போலிருக்கிறது என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குத் திரும்பியிருப்பாள். ஆனால் அவர் கை கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கவனித்தாள். சொல் ஒன்று சொல்கிறது, கை வேறு சொல்கிறதே என்று நின்றாள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டாள். எட்டு என்றார். உடனே டாக்டரைக் கூப்பிட்டாள்.

‘லெட் அப்’ என்றால் தணிவது. அந்தப் பெரியவர் சொன்னது, ‘வலி தணியவே இல்லை’ என்று. ‘அப்’ என்றால் மேலே என்று மட்டும் மனதில் வைத்திருந்தால் நேர் எதிரான அர்த்தம் வந்துவிடும். விளையாட்டுக்குச் சொல்கிற சொல் விளக்கம் இல்லை இது. ஒரு மனிதர் இரவு முழுவதும் வலியோடு கிடப்பதா, மருந்து கிடைத்துத் தூங்குவதா என்பது இதில் இருந்தது.

அவள் செய்தது சரியான காரியம். சந்தேகம் வந்ததும் வேறு விதமாகக் கேட்டாள். அதைச் சொல்லிப் பாராட்டினேன். ஆனால் அவள் அதோடு விடவில்லை. “தமிழ் மீடியத்துல படிச்சதாலதான் எனக்கு இது வர மாட்டேங்குதோ டீச்சர்?” என்றாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. அவளுக்கு மட்டும் வந்த சந்தேகமில்லை அது. உங்களில் எத்தனையோ பேர் அலுவலகத்திலும் நேர்முகத் தேர்விலும் மனதுக்குள் கேட்டுக்கொண்ட கேள்விதான்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இது தமிழ் வழியில் படித்தவர்களின் குறை இல்லை. சாமுவேல் ஜான்சன் என்ற பெரிய அறிஞர் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றுகிற இந்த வழக்கம்தான் அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய சிரமம் தருவது என்று எழுதியிருக்கிறார். அதனால் அவற்றைத் தனிக் கவனத்தோடு தொகுத்ததாகவும் சொல்கிறார். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே ஆங்கிலேயரே ஒப்புக்கொண்ட சிரமத்துக்கு நம் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். இதைத் திறக்கிற சாவி தமிழிலேயே இருக்கிறது. நான் ஆங்கில இலக்கியம் படித்தவள் இல்லை. பட்டயப் பயிற்சி முடித்து எல்லாப் பாடமும் எடுத்த இடைநிலை ஆசிரியை. தமிழும் ஆங்கிலமும் ஒரே கரும்பலகையில் எழுதியதால்தான் இது என் கண்ணில் பட்டது.

‘கிணறு வற்றிப்போச்சு’ என்கிறோம். கிணறு எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ‘டிரை அப்’. ‘நாயைக் கட்டிப்போடு’ என்கிறோம். நாயைத் தூக்கிப் போடுகிறோமா? இல்லை. ஆங்கிலத்தில் ‘டை அப்’. ‘காசைச் சேர்த்து வை’ என்றால் ‘சேவ் அப்’. ‘காகிதத்தைக் கிழித்துப்போட்டான்’ என்றால் ‘டேர் அப்’. ‘தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிடு’ என்றால் ‘ஈட் அப்’. வெறும் ‘சாப்பிடு’ வேறு, ‘சாப்பிட்டுவிடு’ வேறு என்று எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிச்சம் வைக்காமல் முடி என்று அம்மா சொல்வதை அந்த ‘விடு’ காட்டிவிடுகிறது.

பள்ளி இலக்கணத்தில் துணைவினை என்று படித்தீர்களே, நினைவிருக்கிறதா? விடு, போ, போடு, வை, கொள், இரு. தனியாக நின்றால் இவற்றுக்குச் சொந்தப் பொருள் உண்டு. இன்னொரு வினைக்குப் பின்னால் போய் நின்றால் சொந்தப் பொருளை விட்டுவிட்டு அந்த வினைக்கு உதவி செய்யும். வேலை முடிந்துவிட்டதா, தீர்ந்தேபோனதா, பத்திரமாக வைத்தோமா, நமக்காகச் செய்துகொண்டோமா என்பதையெல்லாம் அவைதான் சொல்கின்றன. ‘அப்’பும் பெரும்பாலும் அந்த ஜாதி வேலைக்காரன்தான். முழுவதும் அப்படியே பொருந்தாது, ஆனால் வாசலைத் திறக்க இது போதும். ‘மேலே’ என்று மொழிபெயர்க்கப் பார்த்தால் முட்டிக்கொள்வீர்கள். ‘முடித்துவிடு’, ‘தீர்த்துவிடு’ என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் கதவு திறந்துவிடும்.

‘மேலே’ என்பதற்கும் ‘முடிந்தது’ என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பிள்ளைகளுக்குக் குடத்தைக் காட்டுவேன். குழாயடியில் குடத்தில் தண்ணீர் மேலே மேலே ஏறுகிறது. கழுத்துக்கு வந்ததும் வேலை முடிந்தது. ‘ஃபில் அப்’. மேலே வருவதும் நிறைவதும் அங்கே ஒன்றாகிவிடுகிறது.

தமிழில் ‘ஏறு’ என்ற சொல்லைப் பாருங்கள். மரம் ஏறு, வண்டி ஏறு என்றால் உயரம். விலை ஏறுகிறது, வயது ஏறுகிறது என்றால் கூடுவது. ‘கோரிக்கை நிறைவேறியது’ என்கிறோமே, அங்கே ஏறியது எது? குடம்தான். நிறைந்து முடிந்தது. ஈடேறியது, அரங்கேறியது, குடியேறினார்கள், வெளியேறினார்கள் எல்லாவற்றிலும் ஒரு ‘ஏறு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு ‘ஏற்று’கிறோம், அவர்கள் ‘லைட் அப்’ செய்கிறார்கள். இரும்பில் துரு ஏறுகிறது, காலில் முள் ஏறுகிறது, மண்டையில் பாடம் ஏற மாட்டேன் என்கிறது. இதற்கெல்லாம் நாம் அகராதி பார்த்தோமா?

ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் என்ற இருவர் (இவர் வேறு ஜான்சன்) 1980-இல் எழுதிய ஒரு நூலில் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். மனிதன் தன் உடம்பை வைத்தே திசைகளுக்குப் பொருள் கொடுக்கிறான் என்பது அவர்கள் கருத்து. விழித்தால் எழுகிறோம், தூங்கினால் படுக்கிறோம். அதனால் விழிப்பு மேலே, உறக்கம் கீழே. ‘வேக் அப்’ என்று அவர்கள் சொல்வதும், ‘உறக்கத்தில் ஆழ்ந்தான்’ என்று நாம் சொல்வதும் ஒரே உடம்பிலிருந்து வந்தவை. மகிழ்ச்சி மேலே, துயரம் கீழே. அவர்களுக்கு ‘சியர் அப்’. நமக்கு உற்சாகம் பொங்கும், சோகத்தில் மூழ்குவோம். மொழி வேறானாலும் உடம்பு ஒன்றுதானே.

ஆங்கிலச் சொல் மட்டும்தான் ஆட்டம் காட்டுகிறது என்றும் நினைக்க வேண்டாம். நம் ‘மேல்’ என்ன சாதுவா? ‘என் மேல் கோபமா?’ என்றால் ஒரு பொருள். ‘அதுக்கு மேல உன் இஷ்டம்’ என்றால் வேறு. ‘மேலுக்குச் சிரித்தான்’ என்றால் உள்ளே சிரிப்பு இல்லை. மேலத்தெரு என்றால் உயரத்தில் உள்ள தெரு இல்லை, மேற்கே உள்ள தெரு. நமக்கு மேற்கே மலை, கிழக்கே கடல். மேடான பக்கம் மேற்கு, கீழான பக்கம் கிழக்கு என்று திசைப் பெயரே அப்படி அமைந்துவிட்டது.

மதுரைப் பக்கம் ‘மேலுக்கு முடியலை’ என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இப்போது ஒரு வெள்ளைக்கார நர்ஸ் தமிழ் படித்துக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டி, ‘தாயி, மேலுக்கு முடியலை, மேலெல்லாம் வலிக்குது’ என்று சொன்னால் அந்தப் பெண் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பாள். அதற்காக அவள் மக்கா? இல்லையே. அப்படியானால் நம் பெண் ‘லெட் அப்’ கேட்டுத் தயங்கினதும் குறை இல்லை. இதையேதான் போனில் அவளிடம் சொன்னேன். நன்றாகச் சிரித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இத யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம் டீச்சர்” என்றாள்.

சரி, எப்படிக் கற்றுக்கொள்வது? அவளுக்குச் சொன்ன மூன்று யோசனைகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று, பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். ‘அப்’ வரும் நூறு சொற்களை உருவேற்றினால் நூறும் ஒன்றோடொன்று குழம்பும். கேட்ட வாக்கியத்தை அப்படியே முழுதாக ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதும் கூட இருக்கட்டும். ஆளும் இடமும் நினைவுக்கு வந்தால் பொருளும் வரும்.

இரண்டு, பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். அகராதித் தமிழ் வேண்டாம், வீட்டுத் தமிழ். ‘டிரை அப்: வத்திப்போறது’. ‘யூஸ் அப்: தீத்துடறது’. ‘லெட் அப்: தணியறது, மழைக்கும் வலிக்கும்’. துணைவினை தானாக வந்து உட்கார்ந்துகொள்வதைப் பார்ப்பீர்கள்.

மூன்று, புரியாத இடத்தில் புரிந்ததுபோலத் தலையாட்டாதீர்கள். வேறு சொல்லால் திருப்பிக் கேளுங்கள். மருத்துவமனை, வங்கி, நீதிமன்றம், வண்டி ஓட்டும் வேலை எதுவானாலும் இது பொருந்தும். திருப்பிக் கேட்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. அந்தப் பெரியவருக்கு அன்று மருந்து கிடைத்தது திருப்பிக் கேட்டதால்தான்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் இன்று பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளியில் படிக்க வைக்கிறீர்கள். அது உங்கள் முடிவு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். ‘சாப்பிட்டுவிடு’ என்பதன் நுட்பம் காதில் ஏறிய பிள்ளைக்குத்தான் ‘ஈட் அப்’பின் நுட்பம் சுலபமாகப் பிடிபடும். நீங்கள் தமிழில் படித்தீர்கள் என்பதற்காகக் குனிந்து நிற்கவும் வேண்டாம். ஒரு மொழியின் சின்னச் சொற்கள் எப்படியெல்லாம் வேலை செய்யும் என்பது உங்களுக்கு நடக்கப் பழகும்போதே தெரிந்துவிட்டது. இரண்டாவது மொழிக்கு அதே கண்ணைத் திருப்பினால் போதும்.

இப்போது வீட்டுப்பாடம். டீச்சர் பதிவு வீட்டுப்பாடம் இல்லாமல் முடியுமா? இன்று ராத்திரிக்குள் உங்கள் வீட்டில், அலுவலகத்தில், டிவியில் காதில் விழுகிற ‘அப்’ ஒன்றை, அதற்குச் சரியான வீட்டுத் தமிழோடு கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இரண்டு எழுத வேண்டும். வேலைக்குப் போகிற இடத்தில் கேட்டுத் திகைத்த சொல்லாக இருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்குப் பின்னால் அங்கே வரப்போகிற தம்பி தங்கைகளுக்கு அது உதவும். எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, சரியாக எழுதியவர்களுக்குச் சிவப்பு மையில் டிக் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்